இருளில் உறங்கும் மருந்து: ஒளி பட்டதும் புற்றுநோய்ச் செல் சாவது எப்படி?

மருந்தைக் கை நரம்பில் ஏற்றி இரண்டு நாள் ஆகப்போகிறது. நோயாளிக்கு முடி கொட்டவில்லை, கட்டியும் அப்படியேதான் இருக்கிறது. பிறகு மருத்துவர் ஒரு மெல்லிய கண்ணாடி இழையைத் தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் செலுத்தி, அதன் நுனியில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார். பன்னிரண்டரை நிமிடம்தான். இரண்டு நாளாகச் சும்மா கிடந்த மருந்து அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது.

இதற்கு ஒளியியக்கச் சிகிச்சை என்று பெயர். மருத்துவமனைகளில் ஃபோட்டோடைனமிக் தெரப்பி என்றோ, சுருக்கமாகப் பிடிடி என்றோ சொல்வார்கள். கீமோதெரப்பி, கதிர்வீச்சு, அறுவைச் சிகிச்சை ஆகிய மூன்றையும் கேள்விப்பட்ட அளவுக்கு இதை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்களில் சிலரும் இதை ‘லேசரால் கட்டியைச் சுடுவது’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே எதுவும் சுடப்படுவதில்லை. பயன்படும் லேசர் தசையைக் கருக்கும் அளவுக்கு வலுவானதல்ல. மருந்து இல்லாத உடம்பில் அதே ஒளியை அதே நேரம் பாய்ச்சினால் ஒன்றும் ஆகாது. ஒளி இல்லாமல் அந்த மருந்தை மட்டும் ஏற்றினாலும் கட்டிக்கு ஒன்றும் ஆகாது.

மருந்து, ஒளி, ஆக்சிஜன் என்ற மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் செல் சாகும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது.

செல்லுக்குள் நடப்பது என்ன?

இந்த மருந்துகளில் பல ‘போர்ஃபிரின்’ என்னும் வளைய வடிவ மூலக்கூறு வகையைச் சேர்ந்தவை. பெயர் புதிதாகத் தோன்றினாலும் இது நமக்கு அந்நியமானதல்ல. நம் இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம், இலைக்குப் பச்சையைத் தரும் குளோரோஃபில் ஆகிய இரண்டிலும் இருப்பது இதே வளையத்தின் வடிவங்கள்தாம். ஒளியை வாங்கிக்கொள்வதில் இந்த வளையம் கெட்டிக்காரன். செடிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இதை வைத்துத்தான் சூரியனிடமிருந்து உணவு சம்பாதிக்கின்றன.

சரியான நிற ஒளி பட்டதும் மருந்தின் மூலக்கூறு அந்த ஆற்றலை விழுங்கிக் கிளர்ச்சி அடைகிறது. முதல் கிளர்ச்சி நிலை மிகக் குறுகியது. அதிலேயே ஆற்றலை வெளியே விட்டால் மூலக்கூறு மின்மினிபோல் ஒளிர்ந்து அடங்கிவிடும். ஆனால், இந்த மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை அந்த நிலையிலிருந்து நழுவி, சற்று நீண்ட ஆயுள் கொண்ட இன்னொரு கிளர்ச்சி நிலைக்குப் போகக்கூடியவை. வேதியியலார் இதை ‘டிரிப்லெட்’ நிலை என்பர். அந்த நிலையில் காத்திருக்கும்போது பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்தால் போதும், மருந்து தன் ஆற்றலை அதனிடம் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆற்றலை வாங்கிக்கொண்ட அந்த ஆக்சிஜன் நாம் மூச்சில் இழுக்கும் சாதுவான ஆக்சிஜன் அல்ல. ‘சிங்கிலெட் ஆக்சிஜன்’ எனப்படும் முரட்டு வடிவம் அது. கையில் அகப்பட்ட கொழுப்பு, புரதம் என எதையும் உடனே தாக்கும். மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் அதற்கு ஆயுள். அதற்குள் அது நகரக்கூடிய தூரம் ஒரு செல்லின் அகலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆகவே, மருந்து செல்லுக்குள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த மூலைதான் சேதமாகும். பக்கத்துச் செல்லுக்குப் போய் அடிக்க அதற்கு ஆயுள் போதாது.

மருந்து எங்கே தங்குகிறது என்பது இதனால் முக்கியமாகிறது. செல்லின் மின்நிலையம் எனப்படும் மைட்டோகாண்டிரியாவில் மருந்து சேர்ந்திருந்தால், செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் ‘அப்போப்டோசிஸ்’ முறையில் சாகும். வெளிச்சவ்வில் சேர்ந்திருந்தால் சவ்வு கிழிந்து, உள்ளிருப்பவை வெளியே கொட்டிச் சாகும். ஒளி படும்போது மருந்து இன்னும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலேயே இருந்தால், கட்டிக்குச் சோறு போடும் அந்தக் குழாய்கள் அடைபட்டு, கட்டி பட்டினியால் சாகும். சிகிச்சையின்போது இந்த மூன்றும் கலந்தே நடப்பதுண்டு. இவற்றோடு, செத்த செல்களின் சிதறல்களைக் கண்டு உடம்பின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்வதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தின் மூலக்கூறு ஒருமுறை வேலை செய்ததும் தீர்ந்துவிடுவதில்லை. ஆற்றலைக் கொடுத்துவிட்டு மீண்டும் ஒளியை விழுங்கி, மீண்டும் ஓர் ஆக்சிஜனைக் கிளப்பிவிடும். ஒளியிலேயே அது வெளிறிச் சிதையும்வரை இந்தச் சுற்று தொடரும்.

இடி மழை நாளில் ஒரு துப்பு

இதைக் கண்டுபிடித்தவர் புற்றுநோயைத் தேடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் படித்த ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் என்னும் சாயம் பாரமீசியம் எனப்படும் ஒரு செல் உயிரிகளை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே சாயம், ஒரே அளவு, ஆனால் ஒருநாள் சாகும் உயிரிகள் இன்னொரு நாள் நீந்திக்கொண்டே இருந்தன. கணக்கு ஒத்துவராத அந்த நாளில் வெளியே இடியும் மழையுமாக இருண்டிருந்தது என்று சொல்லப்படுகிறது. அறைக்குள் வந்த வெளிச்சத்தின் அளவுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று ராப் பிடித்துக்கொண்டார். அவருடைய கட்டுரை 1900ஆம் ஆண்டு வெளிவந்தது.

டாப்பைனர் அதோடு விடவில்லை. 1903இல் தோல் மருத்துவர் யெசியோனெக்குடன் சேர்ந்து, இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளில் தடவி ஒளியில் காட்டிப் பார்த்தார். ஆக்சிஜன் இல்லாமல் இந்த விளைவு நடக்காது என்பதையும் அவருடைய குழுவே காட்டியது. ‘ஒளியியக்க விளைவு’ என்ற பெயரும் அவர் இட்டதுதான். அதே 1903இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியவர். ஆனால் அது வெறும் ஒளிச் சிகிச்சை, மருந்து சேராதது.

இந்த வரலாற்றில் துணிச்சலுக்கும் அசட்டுத்தனத்துக்கும் நடுவே நிற்பவர் ஃபிரீட்ரிக் மேயர் பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1912இல் அவர் 200 மில்லிகிராம் ஹெமட்டோபோர்ஃபிரினைத் தமக்குத் தாமே ஊசியில் ஏற்றிக்கொண்டு வெயிலுக்குப் போனார். முகமும் கைகளும் அடையாளம் தெரியாமல் வீங்கின. வெயில் ஆகாத அந்த நிலை இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. மனித உடம்பில் போர்ஃபிரினும் ஒளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அவர் முகத்தில்தான் பார்த்தது. இன்றும் இந்தச் சிகிச்சை பெறுவோருக்குக் கொடுக்கப்படும் முதல் எச்சரிக்கை அதுவே.

அதன்பின் அரை நூற்றாண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் தாமஸ் டோகர்ட்டிதான் 1970களில் இதை ஒரு சிகிச்சையாக உருவாக்கினார். அவரும் ஒரு விபத்தில்தான் இதில் வந்து விழுந்தார். சாயமேற்றிய செல்கள் வெளிச்சத்தில் விடப்பட்டதும் செத்துப்போனதைக் கண்டு, ஏன் என்று பழைய ஏடுகளைப் புரட்டியபோது ராப் செய்த வேலை கிடைத்தது. 1978இல் அவர் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 25 நோயாளிகளின் தோலிலும் தோலுக்கடியிலும் இருந்த 113 கட்டிகளில் 111, முழுமையாகவோ ஓரளவோ கரைந்திருந்தன.

அவர் மேம்படுத்திய மருந்து பின்னாளில் ஃபோட்டோஃப்ரின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. முதலில் 1993இல் கனடா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அதை அனுமதித்தது. 1995இல் அமெரிக்கா, உணவுக்குழாய் அடைபட்டு விழுங்க முடியாமல் தவிக்கும் நோயாளிகளுக்கு அனுமதித்தது. 1998இல் தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

மருத்துவமனையில்

உணவுக்குழாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். கட்டி வளர்ந்து குழாயை அடைத்துவிட்டால் கஞ்சிகூட இறங்காது. எச்சில் விழுங்குவதே பாடாகிவிடும். நோய் முற்றிய நிலையில் இந்தச் சிகிச்சையின் நோக்கம் நோயைத் தீர்ப்பதன்று, அந்த வழியைத் திறந்துவிடுவது. சாப்பிட முடிவது ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் ஃபோட்டோஃப்ரின் நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்தப்படும். பிறகு 40 முதல் 50 மணிநேரம் காத்திருக்க வேண்டும். மருந்து முதலில் உடம்பெங்கும் பரவும். பெரும்பாலான உறுப்புகள் அதை வெளியேற்றிவிடும். கட்டியில் மட்டும் அது கூடுதலாகத் தேங்கும். கட்டியின் இரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டியதுபோல் ஓட்டையும் ஒழுகலுமாக இருப்பதும், கழிவை வெளியேற்றும் நிணநீர் வடிகால் அங்கே சரியாக இல்லாததும் இதற்கான காரணங்களுள் அடங்கும். தோல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றிலும் மருந்து நெடுநாள் தங்கும் என்பதை மறக்கக்கூடாது. ‘மருந்து புற்றுநோயை மட்டுமே தேடிப் பிடிக்கும்’ என்று சில விளம்பரங்களில் வருவது மிகை. குறி பெரும்பாலும் ஒளியால்தான் வைக்கப்படுகிறது. மருத்துவர் ஒளியை எங்கே காட்டுகிறாரோ அங்கேதான் மருந்து விழிக்கும்.

காத்திருப்பு முடிந்ததும் எண்டோஸ்கோப் வழியாக ஒளியிழை இறக்கப்படுகிறது. அதன் நுனி எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறவிடும்படி அமைந்திருக்கும். ஒளியின் அலைநீளம் 630 நானோமீட்டர், அதாவது சிவப்பு. உணவுக்குழாய்க்கு 12 நிமிடம் 30 விநாடி, நுரையீரல் குழாய்க்கு 8 நிமிடம் 20 விநாடி. இரண்டு மூன்று நாளில் செத்த திசுக்கள் உரியத் தொடங்கும். மருத்துவர் மீண்டும் எண்டோஸ்கோப் விட்டு அவற்றைச் சுத்தம் செய்வார். தேவைப்பட்டால் அதே மருந்தின் மிச்சத்திலேயே இன்னொரு முறை ஒளி கொடுக்கலாம். நெஞ்சு வலி, விழுங்கும்போது வலி, காய்ச்சல் ஆகியவை வருவதுண்டு. ஆறியபின் குழாய் சுருங்கிவிடும் தொல்லையும் இருக்கிறது.

ஒளியைப் பாய்ச்சும் வேகத்திலும் ஒரு நுணுக்கம் உள்ளது. அதிக ஒளியை ஒரேயடியாகக் கொட்டினால் சிகிச்சை வலுக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். நடப்பது வேறு. அங்கிருக்கும் ஆக்சிஜன் சட்டென்று தீர்ந்துபோய், இரத்தம் புது ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மிச்ச ஒளி வீணாகிவிடும். அதனால்தான் மெதுவாகவோ, இடைவெளி விட்டுவிட்டோ ஒளி கொடுக்கும் முறைகள் வந்தன. பெரிய கட்டிகளின் நடுப்பகுதியில் இயல்பாகவே ஆக்சிஜன் குறைவு என்பதால் அந்தப் பகுதி தப்பிவிடுவதும் இதே காரணத்தால்தான்.

இந்தச் சிகிச்சையில் செல்லின் மரபணு முதன்மைக் குறியாக இருப்பதில்லை. தொண்டையையோ மூச்சுக்குழாயையோ வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை. ஆகவே, முன்பு கதிர்வீச்சு வாங்கிய இடத்திலும் இதைச் செய்யலாம், தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். வயது முதிர்ந்து, அறுவைச் சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்கு மருத்துவர்கள் இதைப் பரிசீலிப்பதற்கு அதுவே காரணம்.

கைபேசி விளக்கும் உள்ளங்கையும்

இவ்வளவு நல்லதாக இருந்தால் எல்லாப் புற்றுநோய்க்கும் இதையே கொடுக்கலாமே என்ற கேள்வி எழும். இருட்டறையில் கைபேசியின் விளக்கை எரியவிட்டு அதன்மேல் விரல்களை வைத்துப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் உள்ளே போகிறது, வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் இரத்தமும் தசையும் வழியிலேயே விழுங்கிவிட்டன. சிவப்புகூட விரலைத் தாண்டுகிறதே தவிர, தொடையைத் தாண்டாது.

நீல ஒளி தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் போகும். 630 நானோமீட்டர் சிவப்பொளி ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதைவிட நீண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகுமே என்று கேட்கலாம். போகும்தான். ஆனால் அலைநீளம் கூடக் கூட ஒவ்வோர் ஒளித்துகளின் ஆற்றலும் குறைகிறது. ஏறத்தாழ 850 நானோமீட்டரைத் தாண்டினால் ஆக்சிஜனைக் கிளப்பிவிடும் அளவுக்கு அதில் தெம்பு இருக்காது. ஒரு பக்கம் இரத்தம் மறிக்கிறது, மறுபக்கம் ஆற்றல் போதவில்லை. நடுவில் இருக்கும் சிறு சன்னல் வழியாகத்தான் இந்தச் சிகிச்சை நுழைய வேண்டியிருக்கிறது.

எனவே, ஒளி எட்டும் இடங்களே இதற்கு ஏற்றவை: தோல், வாய், தொண்டை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை போன்றவை. உள்ளுறுப்புக் கட்டியென்றால் ஊசி வழியாகவோ அறுவை அறையில் திறந்தோ ஒளியிழையைக் கட்டிக்குள் செருக வேண்டும். பல இடங்களுக்குப் பரவிவிட்ட நோய்க்கு இது விடையாகாது. எங்கே இருக்கிறது என்று தெரியாத செல்லுக்கு விளக்குப் பிடிக்க முடியாது.

சிகிச்சைக்குள் சிகிச்சையாகச் சில இடங்களில் இது பின்தள்ளப்பட்டும் இருக்கிறது. பாரெட் உணவுக்குழாய் எனப்படும் புற்றுக்கு முந்திய நிலைக்கு 2003இல் அமெரிக்காவில் ஃபோட்டோஃப்ரின் அனுமதி பெற்றது. பின்னர் அங்கே வானொலி அலை வெப்பத்தால் தீய்க்கும் முறை வந்து அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது.

உடம்பையே மருந்து செய்ய வைத்தல்

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னடி, பாட்டியர் என்ற இருவர் 1990இல் வேறொரு வழியைக் காட்டினர். ஒளிமருந்தை வெளியிலிருந்து கொடுக்காமல், அதைச் செய்வதற்கான மூலப்பொருளை மட்டும் கொடுப்பது. நம் செல்கள் ஹீம் தயாரிக்கும்போது பல படிகளைத் தாண்டுகின்றன. அமினோலெவுலினிக் அமிலம் அதன் தொடக்கப் பொருள். சுருக்கமாக ‘ஏஎல்ஏ’ என்பார்கள். கடைசிக்கு முந்திய படியில் உண்டாவது புரோட்டோபோர்ஃபிரின் என்ற நல்ல ஒளிமருந்து. கடைசிப் படியில் அதனுள் இரும்பு புகுந்து ஹீம் ஆகிவிடும்.

இங்கே ஏஎல்ஏயை அளவுக்கு அதிகமாகக் கொடுத்தால், இரும்பைச் செருகும் கடைசி நொதி திணறிப்போய், புரோட்டோபோர்ஃபிரின் குவியும். பல புற்றுநோய்ச் செல்களில் அந்த நொதியின் வேலை மந்தம் என்பதால் அங்கே குவிவதும் கூடுதல். இதைக் களிம்பாகத் தோலில் தடவலாம். உடம்பு முழுக்க மருந்து ஏற வேண்டியதில்லை, மாதக்கணக்கில் வெயிலுக்கு ஒளியவும் வேண்டியதில்லை. வெயிலால் வரும் புற்றுக்கு முந்திய தோல் தடிப்புகளுக்கு 1999இல் அமெரிக்கா இதை நீல ஒளியோடு அனுமதித்தது. அது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் தொல்லை என்பதால் நம் சமூகத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. ஒளி படும்போது சுரீரென்று எரியும் என்பதே இதைப் பெற்றவர்களின் பெரிய குறை.

இதே ஏஎல்ஏ மூளை அறுவைச் சிகிச்சையில் செய்யும் வேலை இன்னும் சுவையானது. அங்கே அது கொல்லுவதற்கு அல்ல, காட்டிக்கொடுப்பதற்கு. சிகிச்சைக்குச் சில மணிநேரம் முன்பு நோயாளி அதைக் குடித்துவிடுவார். அறுவை அறையில் நீல ஒளியைக் காட்டினால் கட்டியின் பகுதிகள் சிவப்பாக ஒளிரும். நல்ல மூளை ஒளிராது. ஜெர்மனியில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த ஒளியின் துணையோடு வெட்டியபோது 65 விழுக்காட்டினரிடம் கண்ணுக்குத் தெரியும் கட்டியை முழுமையாக அகற்ற முடிந்தது. வழக்கமான வெள்ளை ஒளியில் வெட்டியபோது அது 36 விழுக்காடாக இருந்தது.

ஜப்பான் எடுத்த அடுத்த அடி

நுரையீரல் புற்றுநோய்க்கு ஒளியியக்கச் சிகிச்சையை முதலில் முனைந்து செய்தவர்களில் ஜப்பானியர்கள் முக்கியமானவர்கள். 2003இல் அங்கே டாலபோர்ஃபின் என்ற மருந்து அனுமதி பெற்றது. 664 நானோமீட்டரில் வேலை செய்யும் இது உடம்பைவிட்டு விரைவில் வெளியேறும் என்பதால் வெயிலைத் தவிர்க்க வேண்டிய காலமும் குறைவு.

பெரிய பாய்ச்சல் பின்னர் வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் பணியாற்றும் ஹிசட்டாக்கா கோபயாஷி, 2011இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்புரதம் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் ஐஆர்700 என்ற சாயத்தைக் கட்டிவிட்டார். எதிர்ப்புரதம் போய் ஒட்டும் இடத்தில் சாயமும் ஒட்டும். ஒரு நாள் கழித்து 690 நானோமீட்டர் ஒளியைக் காட்டினால், சாயத்திலிருந்து நீரோடு கலந்திருக்க உதவும் பக்கச் சங்கிலிகள் கழன்று விழும். நீரில் கரைந்திருந்தது நீரை வெறுப்பதாக மாறிச் சுருண்டுகொள்ளும். ஒட்டிய இடத்திலேயே சவ்வு சிதைந்து, நீர் உள்ளே புகுந்து, செல் ஊதி வெடிக்கும். ஒளி ஒட்டாத செல்லைத் தொட்டாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இதற்கு ஒளிசார் எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்று பெயர். இதை மருந்தாக்க முன்வந்த ரக்குட்டென் மெடிக்கல் நிறுவனத்தின் பின்னால் நிற்பவர், இணைய வணிகத்தால் பெயர்பெற்ற ஹிரோஷி மிக்கித்தானி. அவர் தம் தந்தையைக் கணையப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், தந்தைக்கு மருத்துவம் தேடி அலைந்தபோதுதான் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டார். 2020 செப்டம்பரில் ஜப்பான் இந்த மருந்துக்கு உலகிலேயே முதலாவதாக நிபந்தனையுடன் கூடிய அனுமதி அளித்தது. வெட்டி எடுக்க முடியாத நிலையிலோ மீண்டும் வந்துவிட்ட நிலையிலோ இருக்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு அங்கே அது கொடுக்கப்படுகிறது. அக்கலக்ஸ் என்பது அதன் விற்பனைப் பெயர்.

கார்போகரிசியும் கெலாடி திக்குஸும்

ஒளியோடு சேர்ந்து மருந்து வேலை செய்யும் என்பது நம் முன்னோர் அறியாததல்ல. வெண்படைக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் காட்டும் பழக்கம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக உண்டு. அந்த விதையிலுள்ள சோரலென் என்ற பொருளே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால், சோரலென் வேலை செய்யும் விதம் வேறு. அதற்குப் புறஊதா ஒளி வேண்டும், ஆக்சிஜன் அவசியமில்லை. ஒளி பட்டதும் நேராகச் செல்லின் மரபணு இழைகளோடு போய்ப் பிணைந்துகொள்ளும். இதே வகைப் பொருளைக் கொண்டு, தோலைத் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 1988இல் அமெரிக்காவில் ஒரு சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்து, அதன் வெள்ளணுக்களை மருந்தோடு புறஊதா ஒளியில் காட்டி, மீண்டும் உடம்பில் செலுத்துவார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் ஹைப்பெரிசின், குளோரின் இ6 போன்ற ஒளிமருந்துகளைச் சிறுநீர்ப்பை, வாய்ப் புற்றுநோய்களைக் கண்டறியவும் அழிக்கவும் பயன்படுத்துவது குறித்துத் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். மலேசியாவில், இப்போது கேன்சர் ரிசர்ச் மலேசியா எனப்படும் அமைப்பின் ஆய்வாளர்கள், தீபகற்ப மலேசியாவின் 93 செடி இனங்களிலிருந்து 155 சாறுகளை எடுத்து, ஒளி பட்டதும் இரத்தப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்பவை எவை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தனர். 2009இல் முடிவுகள் வெளிவந்தன.

மலேசியாவில் பலர் வீட்டில் வளர்த்து, அரைத்துக் குடிக்கும் கெலாடி திக்குஸ் செடியிலும் ஃபியோஃபோர்பைட் என்ற பொருள் இருப்பதை உள்ளூர் ஆய்வாளர்கள் கண்டனர். அது குளோரோஃபில் சிதைந்து உண்டாவது, ஒளிமருந்து வகையைச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒளி பட்டதும் அதன் வீரியம் கூடியது. இதைக் கேட்டதும் ‘அப்படியானால் சாறு குடித்துவிட்டு வெயிலில் நின்றால் போதுமே’ என்று தோன்றலாம். போதாது. தட்டிலிருக்கும் செல்லுக்கும் நுரையீரலுக்குள் இருக்கும் கட்டிக்கும் நடுவே தோல், தசை, எலும்பு எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு பொருள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு ஒளி அங்கே எட்டியது என்று அளக்காமல் செய்வது ஒளியியக்கச் சிகிச்சை ஆகாது. சாற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட, மேலோட்டமான கட்டிகளிடம்தான் ஒளி முழு வெற்றி பெறுகிறது.

வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை இது நம் சமூகத்துக்கு நெருக்கமான செய்தி. மலேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், குறிப்பாக இந்தியப் பெண்களிடம், அதிகமாகக் காணப்பட்டு வந்துள்ளது. வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட ஏட்டில் வகைப்படுத்தியது. வாய்க்குள் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

சிகிச்சைக்குப் பிறகு வெயில்

இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது. போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் போர்ஃபிரின் மருந்துகளைக் கொடுக்கக்கூடாது. கட்டி பெரிய இரத்தக் குழாயை அரித்துக்கொண்டிருந்தாலோ, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தாலோ ஃபோட்டோஃப்ரின் சிகிச்சை தவிர்க்கப்படும். கட்டி சட்டென்று சாகும்போது அந்த இடம் கிழிந்துவிடும் என்பதே அச்சம்.

மற்றவர்களுக்கு, குறிப்பாக ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் நம் ஊரில், பெரிய பாடு சிகிச்சைக்குப் பிந்திய நாள்கள்தான். ஃபோட்டோஃப்ரின் பெற்றவர் குறைந்தது 30 நாள் நேரடி வெயிலையும் கூசும் விளக்குகளையும் தவிர்க்க வேண்டும். பல் மருத்துவரின் விளக்கு, அறுவை அறை விளக்கு எல்லாம் இதில் அடங்கும். வெளியே போனால் நீளக்கைச் சட்டை, தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி வேண்டும். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டால் போதும் என்று நினைப்பது தவறு. அது புறஊதா ஒளியைத்தான் தடுக்கும். இந்த மருந்தை எழுப்புவது கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்.

இதனால் பயந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடி, இருட்டறையில் மாதம் முழுக்கக் கிடப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டியதில்லை என்கிறது மருந்தின் வழிகாட்டி. வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம் நல்லதே. தோலில் தங்கியிருக்கும் மருந்து அந்த மெல்லிய ஒளியிலேயே கொஞ்சங் கொஞ்சமாக வெளிறிச் செயலிழக்கும். 30 நாள் கழிந்ததும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கச் சொல்வார்கள். தோலின் ஒரு சிறு பகுதியை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டிவிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவக்காமல், வீங்காமல், கொப்புளிக்காமல் இருந்தால் சிறிது சிறிதாக வெளியே போய்வரத் தொடங்கலாம். சிவந்தால், இன்னும் இரண்டு வாரம் பொறுத்து அதே சோதனையை மறுபடியும் செய்துபார்க்க வேண்டும்.